ஜனவரி 1: பூட்டு திறக்கும் நாள்

கே: காப்பிரைட் முடிந்துவிட்டால் ஒரு புத்தகம் யாருக்குச் சொந்தம்? (கல்லூரி மாணவி, திருச்சி)

ப: உங்களுக்கு, எனக்கு, நமக்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான். அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், நாடகம் போடலாம், சும்மா கொடுக்கலாம், விற்றுக் காசும் பார்க்கலாம். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்வது மட்டும் ஆகாது. அது திருட்டு. திருட்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது.

கே: எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்? (தேனி)

ப: இந்தியாவில், எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. எந்த மாதம் மறைந்தாலும் கணக்கு அடுத்த ஜனவரி 1-ல்தான் தொடங்கும். காந்தி மறைந்தது 1948. அவர் எழுத்து 2009 ஜனவரி 1-ல் பொதுச்சொத்தானது. நேரு 1964, அவர் 2025-ல் வந்தார்.

காந்தி நூல்களின் உரிமையை வைத்திருந்த நவஜீவன் அறக்கட்டளை, நீட்டித்துக் கொடுங்கள் என்று யாரிடமும் போய் நிற்கவில்லை. தனக்கென்று எதையும் சேர்த்துவைக்காத மனிதருக்குச் செய்த சரியான மரியாதை.

கே: அதென்ன 60? சஷ்டியப்தபூர்த்திக் கணக்கா? (மயிலாப்பூர்)

ப: தாகூர் கணக்கு. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 50 என்றுதான் இருந்தது. 1941-ல் மறைந்த தாகூர் 1991 டிசம்பர் 31-ஓடு விடுபட வேண்டியவர். மூன்று நாள் பாக்கி இருக்கும்போது, டிசம்பர் 28-ல், டெல்லி அவசரச் சட்டம் போட்டது. மறு ஆண்டு அதுவே சட்டத் திருத்தமாயிற்று. ஒரு மகாகவிக்காக இந்தியாவில் எழுதிய எல்லாருக்கும் பத்து வருடம் கூடுதல் பூட்டு.

நம் உ.வே.சா.வும் அதில் மாட்டினார். 1942-ல் மறைந்தவர், 1993-ல் வந்திருக்க வேண்டும், 2003-ல்தான் வந்தார். ஏட்டுச்சுவடிக்காக ஊர் ஊராக அலைந்தவரின் எழுத்தைப் பத்து வருடம் காக்க வைத்தது எனக்கு இன்றும் கோபம்தான்.

கே: மிக்கி மவுஸ் இப்போது அநாதையா? (கோவை)

ப: அநாதை இல்லை, ஊர்ப்பிள்ளை. மிக்கி அறிமுகமான 'ஸ்டீம்போட் வில்லி' படம் 1928. அமெரிக்காவில் 75 ஆண்டு என்றிருந்ததை 1998-ல் 95 ஆக்கினார்கள். 'மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்' என்றே அதை ஊர் கேலி பேசியது. வெளியான தேதியைக் கணக்கிட்டு விடுபட வேண்டிய படைப்புகளின் வரிசை அங்கே 20 வருடம் அப்படியே நின்றது, 2019-ல்தான் நகர்ந்தது.

2024 ஜனவரி 1-ல் எலி வெளியே வந்தது, வெறுங்கையோடு. வெள்ளைக் கையுறை 1929 படத்தில் வந்தது என்பதால் அதற்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. டிரேட்மார்க் மட்டும் இன்னமும் டிஸ்னியிடம். படம் எடுங்கள், டிஸ்னி சரக்கு என்று சொல்லி விற்காதீர்கள்.

கே: ஷெர்லக் ஹோம்ஸ் அழலாமா? (துப்பறியும் கதைப் பிரியர், கரூர்)

ப: அமெரிக்காவிலும் 2023 முதல் தாராளமாக. 2020-ல் 'எனோலா ஹோம்ஸ்' படத்தின் மீது கோனன் டாயில் தரப்பு வழக்குப் போட்டது. பழைய கதைகளில் ஹோம்ஸ் உணர்ச்சியே இல்லாதவர், கனிவெல்லாம் கடைசிக் கதைகளில்தான் வந்தது, அவற்றுக்கு உரிமை இன்னும் எங்களிடமே என்பது வாதம். 1927-ல் வந்த கடைசிக் கதையும் இப்போது விடுபட்டுவிட்டது. இனி கைக்குட்டைக்குக் கட்டணம் இல்லை.

கே: 'ஹேப்பி பர்த்டே' பாட்டுக்குக்கூடக் காசா? (பால்வாடி ஆசிரியை, வேலூர்)

ப: அமெரிக்காவில் படத்தில் பாடினால் வசூலித்தார்கள். மெட்டு 1893-லேயே அச்சானது. 2015-ல் நீதிமன்றம், வசூலித்த நிறுவனத்தின் உரிமை செல்லாது என்றது. அடுத்த ஆண்டு 1.4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். கேக் வெட்டியது வேறு யாரோ, மெழுகுவத்தி அணைந்தது அவர்களுக்கு.

கே: காப்பிரைட் போனால் படைப்பு மதிப்பிழந்து போகாதா? (சேலம்)

ப: 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்று ஒரு படம். 1946-ல் வந்து தியேட்டரில் போட்ட காசை எடுக்கவில்லை. 1974-ல் உரிமையைப் புதுப்பிக்க மறந்தார்கள். சும்மா கிடைக்கிறதே என்று டிவிக்காரர்கள் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குப் போட்டார்கள். இன்று அந்தப் படம் இல்லாமல் அமெரிக்கர்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. காசு கேட்டபோது வராத கூட்டம் கதவைத் திறந்ததும் வந்தது.

கே: காலாவதியே ஆகாத உரிமை உண்டா? (நாகர்கோவில்)

ப: பிரிட்டனில் ஒன்று. 'பீட்டர் பேன்' உரிமையை ஜே.எம். பேரி 1929-ல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். 1987-ல் காலம் முடிந்ததும், அந்த ராயல்டி மட்டும் மருத்துவமனைக்கு என்றைக்கும் போய்க்கொண்டே இருக்கட்டும் என்று 1988-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வளரவே மாட்டேன் என்ற பையனுக்கு வயதாவதும் இல்லை. இந்த ஒரு விதிவிலக்குக்கு நான் இரு கையும் தூக்குவேன்.

கே: பாரதி பாட்டை ஒரு காலத்தில் பாடக்கூடாது என்றார்களாமே, நிஜமா? (எட்டயபுரம்)

ப: நிஜம். பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை ஏவி. மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்க்க, விவகாரம் வெடித்தது. எழுத்தாளர்கள் திரண்டார்கள். ஒரு தேசத்தைப் பாடியவனின் பாட்டு ஒரு பீரோவுக்குள் இருக்கலாமா என்று ஊர் கேட்டது.

ஓமந்தூரார் அரசு 1949-ல் உரிமையை எடுத்துக்கொண்டது. பாரதி குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பைசா வாங்காமல் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. சட்டப்படி காத்திருந்தால் 1972 ஆகியிருக்கும். பாரதிக்குப் பொறுமை ஏது?

கே: 'பொன்னியின் செல்வன்' மட்டும் ஏன் ஆளாளுக்கு ஒரு பதிப்பு? (அச்சகம் நடத்துபவர், சிவகாசி)

ப: கல்கியின் எழுத்து 1999-லேயே நாட்டுடைமை. தமிழக அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து, நூல்களைப் பொதுவாக்கும் நல்ல வழக்கம் அது. சட்டக் கெடுவுக்குக் காத்திருந்தால் 2015. யாரும் அச்சடிக்கலாம் என்பது உரிமை. பிழை திருத்தாமல் அச்சடிக்கலாம் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. உங்களைச் சொல்லவில்லை, உங்கள் எதிர்க்கடையைச் சொன்னேன்.

கே: 'திருவிளையாடல்' படத்தை நான் யூடியூபில் ஏற்றலாமா? (திருவண்ணாமலை)

ப: படத்துக்கு, வெளியான ஆண்டு கழித்து 60. அது 1965 படம். 2025 முடிவோடு கெடு தீர்ந்தது. அவசரப்படாதீர்கள். கண்ணதாசன் மறைந்தது 1981, அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உயிர். கே.வி. மகாதேவன் மறைந்தது 2001, மெட்டுக்கு 2061 வரை. சிவபெருமான் விடுதலை, பாட்டு இன்னும் உள்ளே.

கே: மின்னூல் வாங்கினால் அது என்றைக்கும் என்னுடையதுதானே? (பெங்களூர்)

ப: 2009-ல் அமேசான், தான் விற்ற சில மின்னூல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. விற்றுக் கொடுத்தவரிடம் அமெரிக்க உரிமை இல்லையாம். பணம் திரும்ப வந்தது, மன்னிப்பும் வந்தது. அழிந்த நூல்களில் ஒன்று, ஆர்வெல்லின் '1984'. இந்தியாவில் அது 2011 முதல் பொதுச்சொத்து; அமெரிக்காவில் 2040-ஐத் தாண்ட வேண்டும்.

கே: 'குட்டி இளவரசன்' தமிழில் இருக்கிறதே, அதை நான் மறுபதிப்புச் செய்யலாமா? (புதுச்சேரி)

ப: அதை எழுதிய செந்த் எக்சுபெரி 1944-ல் போர்ப் பணியில் விமானத்தோடு மறைந்தார். மூலநூல் இந்தியாவில் 2005 முதல் பொது. நாட்டுக்காக உயிர்விட்டவர் என்று பிரான்ஸ் அவருக்குக் கூடுதல் ஆண்டுகள் கொடுத்திருக்கிறது. ஆனால் தமிழாக்கம் தமிழாக்கியவருக்கே சொந்தம். பிரெஞ்சு தெரியுமா? நீங்களே மொழிபெயருங்கள். புதுச்சேரியில் இருந்துகொண்டு சாக்குச் சொல்லக்கூடாது.

கே: எழுத்தாளரின் பேரன் நான். ராயல்டி நின்றால் எங்கள் வயிறு? (மதுரை)

ப: நியாயமான கேள்வி. தாத்தாவின் புத்தகம் இன்றும் விற்கிறதென்றால் கடைசி நாள்வரை வாங்குங்கள், உங்கள் பணம். ஆனால் அப்படி விற்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்ற ஆயிரமாயிரம் நூல்கள் நிலை என்ன? வாரிசு எங்கே என்று தெரியாது. தெரியாததால் பதிப்பாளர் தொடமாட்டார். தொடாததால் நூல் சாகும். சிலரின் ராயல்டிக்காக நீட்டிய ஆண்டுகளில் மற்ற எல்லாரும் மறக்கப்படுகிறார்கள். 60 ஆண்டு மிக நீளம், சந்தேகமே இல்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உரிமை யாருக்கென்று உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். யாருக்கும் வேண்டாம், ஊருக்கே என்றால் அதற்கும் 21-ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. பொது அறிவிப்பு ஒன்று போதும்.

கே: பரணில் 1930-ல் அச்சான ஒரு புத்தகம் கிடைத்தது. ஆசிரியர் பெயரே இல்லை. என்ன செய்ய? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கும்பகோணம்)

ப: பெயரில்லாத நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்துதான் 60. எப்போதோ விடுதலை. பெயர் இருந்து, அவர் 1965-க்குள் மறைந்திருந்தாலும் தடையில்லை. 1998-லிருந்து மதுரைத் திட்டத்துக்காரர்கள் இப்படிப்பட்ட நூல்களைச் சம்பளமில்லாமல் மின்னூலாக்கி வருகிறார்கள், அவர்களுக்கு எழுதுங்கள். முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள், இந்த வாரமே. கரையான் ஜனவரி 1 வரை காத்திருப்பதில்லை. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள், அச்சகமும் ஆண்டும் அங்கேதான் இருக்கும்.