மாத்திரைப் பூச்சை முறியடிக்கச் சில வழிகள்

மாத்திரையை அழுத்தி எடுத்ததோடு வேலை முடிந்தது என்று மருந்துக் கம்பெனிகள் விடுவதில்லை. சுழலும் டிரம்மில் கொட்டி, சூடான காற்றை ஊதிக்கொண்டே மேலே ஒரு பூச்சையும் தெளிக்கிறார்கள். அத்தனை மெனக்கெடலையும் வீட்டிலிருக்கும் சின்னக் குழவிக்கல்லால் அரை நிமிடத்தில் பாழாக்கலாம். ஆனால் எந்தப் பூச்சை எப்படிப் பாழாக்குவது என்று தெரிந்து செய்தால்தான் முழுச் சேதம் கிடைக்கும்.

சர்க்கரைப் பூச்சு கற்றுக்குட்டிகளுக்கானது. ஈரம் உள்ளே போகாமலிருக்க முதலில் அரக்கு, அதன்மேல் பல சுற்று சர்க்கரைப் பாகு, பிறகு நிறம், கடைசியில் பளபளப்புக்கு மெழுகு. மாத்திரையின் எடையே கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். எல்லாம் கசப்பு நாக்கில் படாமலிருக்க. தண்ணீரைத் தேடாமல் வாயிலேயே வைத்துச் சப்பினால் போதும், தோற்றுவிடும்.

இப்போது பெரும்பாலும் மெல்லிய படலப் பூச்சுதான். எடையில் 2 முதல் 4 சதவீதம்தான் கூடும். வெளிச்சம் படாமலிருக்க அதில் டைட்டானியம் டையாக்சைடு சேர்ப்பார்கள். அடையாளம் தெரிய நிறமும் உண்டு. இங்கே குழவி தேவையில்லை. மருந்தின் பெயரைப் படிக்காமல், "பிரஷருக்கு ரோஸ், சுகருக்கு வெள்ளை" என்று நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மெடிக்கலில் கம்பெனி மாற்றிக் கொடுக்கும் மாதம் அதே பிரஷர் மருந்து மஞ்சளில் வரும். புதுசாக ஏதோ எழுதியிருக்கிறார் போல என்று, மிச்சமிருக்கும் ரோஸோடு சேர்த்தே போட்டுக்கொள்ளலாம்.

கைதேர்ந்தவர்கள் குடலில் கரையும் பூச்சுக்கு வரவேண்டும். ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா 1884இல் இதற்குக் கெரட்டினைப் பயன்படுத்தினார், நம் நகத்திலும் மாட்டுக்கொம்பிலும் இருக்கிற அதே பொருள். இன்று செயற்கைப் பாலிமர்கள். இரைப்பையின் அமிலத்தில் அசையாது, அமிலம் தணிந்த சிறுகுடலில்தான் கரையும். ஆய்வுக்கூடத்தில் அமிலக் கரைசலில் 2 மணி நேரம் போட்டு ஆட்டுவார்கள். ஒரு விரிசல்கூட விழக்கூடாது. இவ்வளவு பெரிய பரீட்சையில் தேறி வந்ததை நுணுக்கித் தேனில் குழைத்து ஊட்டுவதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. டைக்ளோஃபெனாக் என்றால் வயிற்றைக் காக்க வந்த பூச்சு போய், வயிறு எரியும். பான்டோப்ரசோல் என்றால் கதை தலைகீழ்: அங்கே மருந்தைத்தான் வயிற்றிடமிருந்து காக்கிறார்கள். அமிலத்தைக் குறைக்கப் போன மருந்தையே அமிலம் தின்றுவிடும். மலச்சிக்கலுக்கான பிசாகோடிலை உடைக்கக்கூட வேண்டாம்; ஒரு டம்ளர் பாலோடு விழுங்கினால் பூச்சு வயிற்றிலேயே ஏமாந்து கரைந்து, குடைச்சல் எடுக்கும்.

தாத்தாவுக்கு விழுங்க முடியவில்லையா? "இதே மருந்து சிரப்பாக வருமா, இல்லாவிட்டால் வேறு என்ன தரலாம்?" என்று டாக்டரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். திட்டமே கெட்டுவிடும்.

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று எழுத்துகள் இருந்தால் கொண்டாட்டம்தான். பலவற்றில் மருந்தை மெல்ல மெல்ல விடுவது பூச்சின் பொறுப்பு. 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒரு நிஃபெடிபின் மாத்திரையின் சாமர்த்தியம் இது: மேலே தண்ணீரை மட்டும் உள்ளே விடும் படலம், அதில் லேசரால் போட்ட பொடி ஓட்டை, உள்ளே மருந்து ஓர் அடுக்கு, தண்ணீர் பட்டால் ஊதும் பொருள் இன்னோர் அடுக்கு. கீழடுக்கு ஊத ஊத, மருந்து ஓட்டை வழியாக நாள் முழுக்கச் சீராகக் கசியும். இதை இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே மூச்சில் இறங்கும். பிரஷர் தடாலென்று சரிந்து எங்கே விழுவோம் என்று தெரியாது. வீடு முழுக்கப் பாய் விரித்துவையுங்கள்.

இடிக்க மறந்து முழுசாக விழுங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தப் படலம் செரிக்காது. மருந்தையெல்லாம் கொடுத்துவிட்டு, வெறுங்கூடு மட்டும் மலத்தோடு மாத்திரை வடிவிலேயே வெளியே வரும். பார்த்ததும் போட்ட மருந்து உடம்பில் சேரவே இல்லை என்று முடிவு கட்டுங்கள். அட்டையில் மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு நேராக மெடிக்கலுக்குப் போய், கரையாத மாத்திரைக்குப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சாட்சிக்குக் கூட்டையும் கொண்டுபோவது அவரவர் விருப்பம்.