கூண்டுக்குள் மனிதர், வெளியே வெள்ளைச்சுறா: கேள்வி – பதில்

படகோடு பிணைத்த இரும்புக் கூண்டுக்குள் நின்று, வெள்ளைச்சுறாவை அதன் கடலிலேயே பார்க்கும் பயணங்கள் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. அவற்றைக் குறித்த கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கேள்வி: உயிர்க்காட்சிச் சாலையில் விலங்குதான் கூண்டுக்குள் இருக்கும். மனிதரைக் கூண்டில் அடைத்து விலங்கை வெளியே விட்ட புண்ணியவான் யார்?

பதில்: ஆஸ்திரேலியரான ராட்னி ஃபாக்ஸ். 1963 டிசம்பர் 8 அன்று அடிலெய்டு நகருக்குத் தெற்கே ஆல்டிங்கா கடற்கரையில் நடந்த ஈட்டி மீன்பிடிப் போட்டியில் வெள்ளைச்சுறா ஒன்று அவரை மார்போடு சேர்த்துக் கவ்வியது. விலா எலும்புகள் முறிந்து, நூற்றுக்கணக்கான தையல்களோடு பிழைத்தெழுந்த அவர், சில ஆண்டுகளிலேயே அதே சுறாவினத்தைத் தேடிக் கடலுக்குத் திரும்பினார். உயிர்க்காட்சிச் சாலையில் கம்பிகளுக்கு அப்பால் சிங்கத்தைக் கண்டபோது, கடலில் மனிதரைக் கம்பிகளுக்குள் வைக்கலாமே என்று தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். சுறாக்களுக்கு நடுவே கூண்டை இறக்கியவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. ஆயினும் வெள்ளைச்சுறாவைப் பார்ப்பதற்கென்றே கடற்பயணம் போகும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் என்ற பெருமை அவரையே சேரும். பிற்காலத்தில் அச்சுறாவின் பாதுகாப்புக்காக உரக்கப் பேசியவர்களுள்ளும் அவர் ஒருவர்.

கேள்வி: நீச்சலில் கிணற்றுப் படியைத் தாண்டாதவர்கள் இந்தக் கூண்டில் இறங்கலாமா?

பதில்: இறங்கலாம், இங்கே நீச்சலைவிட வயிற்றின் உறுதியே பெரிதும் சோதிக்கப்படுகிறது. கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள கான்ஸ்பாய் ஊரை எடுத்துக்கொண்டால், அதை அடுத்த க்ளைன்பாய் என்னும் சிறு துறைமுகத்திலிருந்து படகுகள் புறப்படுகின்றன. நங்கூரமிட்ட பின் படகின் பக்கவாட்டில் கட்டப்படும் கூண்டு ஆழத்துக்கு இறக்கப்படுவதில்லை. அதன் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கும். தடித்த ரப்பர் நீருடையும் முகக்கண்ணாடியும், உடல் மேலெழும்பாமல் இருக்க ஈயக்கட்டி கோத்த இடுப்புப்பட்டையும் அணிந்தவர்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்பார்கள். சுறா நெருங்குவதைக் கண்ட பணியாளர் குரல் கொடுத்ததும், மூச்சை அடக்கித் தலையை அமிழ்த்தி, உட்புறக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சில நொடிகள் பார்த்துவிட்டு மேலே வர வேண்டும். விரலைக்கூடக் கம்பிக்கு வெளியே நீட்டக் கூடாது என்பதே முதல் விதி. குளிர்ந்த நீரும், நின்ற இடத்திலேயே ஆடும் படகும், மீன்வாடையும் சேர்ந்து பலரை வாந்தியெடுக்க வைப்பதால், தலைசுற்றலுக்கான மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: ஒரு சொட்டு இரத்தம் கடலில் விழுந்தால் பல மைல் தூரத்துச் சுறாக்கள் எல்லாம் பந்திக்கு வந்துவிடுமாமே?

பதில்: அது மிகையுரை. வாசனை நீரோட்டத்தோடு பயணம் செய்தால்தான் சுறாவின் மூக்குக்கு எட்டும். ஒரு சொட்டு அதற்குள் கரைந்து காணாமல் போய்விடும். ஆகவேதான் படகுக்காரர்கள் அரைத்த மீனும் மீனெண்ணெயும் கலந்த கூழைக் கடலில் தொடர்ந்து ஊற்றி, நீரோட்டத்தின் போக்கில் ஒரு வாசனைப் பாதையை உண்டாக்குகிறார்கள். அந்தப் பாதையைப் பிடித்து வரும் சுறாவைக் கூண்டுக்கு எதிரே திருப்ப, கயிற்றில் கட்டிய மீன்தலையும் கடல்நாய் வடிவில் வெட்டிய மிதவையும் பயன்படுகின்றன. நெருங்கி வந்த பிறகு வேறொரு புலன் வேலை செய்கிறது: சுறாவின் மூக்கைச் சுற்றிக் கூழ் நிறைந்த நுண்துளைகள் உள்ளன, லோரன்சினி குமிழ்கள் எனப்படும் அவற்றின் வழியாக, பிற உயிர்களின் தசையில் எழும் மிக மெல்லிய மின்னதிர்வையும் அது உணர்கிறது. உலோகமும் உப்புநீரும் சேருமிடத்தில் சிறு மின்னோட்டம் எழுவதால், பசி இல்லாத சுறாவும் கூண்டுக் கம்பியை முகர்ந்து பார்க்க வருவதுண்டு.

கேள்வி: மீன் என்றால் குளிர்ந்த உடல்தானே? இதற்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு வேகம்?

பதில்: இதன் உடல் சுற்றியுள்ள நீரைவிட வெதுவெதுப்பானது. தசைகளில் பிறக்கும் வெப்பம் செவுள் வழியே கடலுக்குப் போய்விடாதபடி, சூடான இரத்தம் ஓடும் நுண்குழாய்களும் குளிர்ந்த இரத்தம் ஓடும் நுண்குழாய்களும் பின்னிப் பிணைந்து வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்ளும் அமைப்பு இதன் உடலுக்குள் இருப்பதால், குளிர்கடலிலும் தசைகள் விறைப்பதில்லை. இந்த ஆற்றல் எவ்வளவு தொலைவு கொண்டுபோகும் என்பதை நிக்கோல் என்று பெயரிடப்பட்ட பெண் சுறா காட்டியது. 2003 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கடலில் கருவி பொருத்தப்பட்ட அது, 99 நாள்களில் ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் நீந்தி மேற்கு ஆஸ்திரேலியாவை அடைந்தது. 2004 ஆகஸ்டில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருந்தது. திரும்பியது அதுதான் என்று உறுதி செய்தது அதன் முதுகுத் துடுப்பின் படம். அத்துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகளும் நெளிவுகளும் ஒவ்வொரு சுறாவுக்கும் வேறுபடும். ஒழுங்காக நடத்தப்படும் பயணப் படகுகள் நாள்தோறும் எடுக்கும் துடுப்புப் படங்கள் இதனாலேயே ஆய்வாளர்களுக்கு அரிய செல்வமாகின்றன.

கேள்வி: கடலையே நடுங்க வைக்கும் வெள்ளைச்சுறா யாரைக் கண்டாவது நடுங்குமா?

பதில்: கொலைகாரத் திமிங்கலம் எனப்படும் ஓர்காவைக் கண்டு ஓடும். கான்ஸ்பாய்க்கு எதிரே டையர் தீவும், பல்லாயிரம் கடல்நாய்கள் வாழும் கெய்சர் பாறையும் உள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நீர்வழி, கடல்நாய்க் குட்டிகளைத் தேடிச் சுறாக்கள் உலவியதால் 'சுறாச் சந்து' என்றே பெயர் பெற்று, இந்த ஊரை உலகின் வெள்ளைச்சுறாத் தலைநகராக்கியது. 2017-இல் அங்கே வெள்ளைச்சுறாக்கள் இறந்து கரையொதுங்கின. உடல் பெரிதும் முழுமையாக இருக்க, மார்புத் துடுப்புகளுக்கு இடையே கிழிக்கப்பட்டு ஈரல் மட்டும் காணாமல் போயிருந்தது. சுறாவின் ஈரல் எண்ணெய் நிறைந்த பேருறுப்பு; அதைக் குறிவைத்து வேட்டையாடியவை, முதுகுத் துடுப்பு ஒன்றுக்கு இடப்புறமும் மற்றொன்றுக்கு வலப்புறமும் சாய்ந்திருந்ததால் போர்ட், ஸ்டார்போர்டு என்று பெயர் பெற்ற இரண்டு ஆண் ஓர்காக்கள். 2023 ஜூனில் மோசல் பே அருகே ஸ்டார்போர்டு தனியாகவே, இரண்டு நிமிடத்துக்குள் ஓர் இளஞ்சுறாவைக் கொன்று ஈரலைத் தின்றதும் பதிவாகியுள்ளது.

ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் சுறாக்கள் அந்த இடத்தை விட்டு அகன்று, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் திரும்பாமல் இருந்தன. எனினும் பழி முழுவதையும் ஓர்காக்கள் மேல் சுமத்துவது முறையன்று. வெள்ளைச்சுறாவின் இரையான சிறு சுறாக்களை நெடுந்தூண்டில் கயிறுகளால் வாரிச் செல்லும் மீன்பிடிப்பையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். சுறாக்கள் கிழக்கே இடம் மாறினவா, எண்ணிக்கையிலேயே குறைந்தனவா என்ற விவாதம் அவர்களுக்குள் நடந்து வருகிறது.

கேள்வி: அப்படியானால் கான்ஸ்பாய் படகுகள் இப்போது எதைக் காட்டிப் பணம் வாங்குகின்றன?

பதில்: பெரும்பாலான நாள்களில் செம்புச்சுறாவைக் காட்டுகின்றன. வெண்கல நிறத் தோலும் மெலிந்த உடலும் கொண்ட அது, வெள்ளைச்சுறா விலகிய இடத்தில் கூட்டமாகத் தென்படத் தொடங்கியது. நேர்மையான படகுக்காரர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வெள்ளைச்சுறாவையே காண விரும்புவோர், தென்னாஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் நகருக்குத் தெற்கே உள்ள நெப்டியூன் தீவுகளுக்குப் போகிறார்கள். அங்கே இரையே காட்டாமல், நீருக்கடியில் இசையை ஒலிக்கவிட்டுச் சுறாவை ஈர்க்கும் முறையும் உண்டு.

கேள்வி: மீனைக் காட்டிக் காட்டி அழைத்தால், மனிதர் என்றாலே சாப்பாடு என்று சுறா பழகிவிடாதா?

பதில்: இந்தச் சுற்றுலாவைப் பற்றி எழும் கேள்விகளில் இதுவே மிக நியாயமானது. வாசனை மட்டும் கிடைத்து, வாய்க்கு எதுவும் கிடைக்காதபோது சுறாவின் ஆர்வம் நாளடைவில் குறைந்துவிடுகிறது என்றும், இரை வாய்க்குச் சிக்கும்போதே பழக்கம் உருவாக வழி பிறக்கிறது என்றும் தென்னாப்பிரிக்க ஆய்வுகள் காட்டின. நெப்டியூன் தீவுகளிலோ, பயணங்கள் பெருகிய பிறகு சுறாக்கள் அங்கே தங்கும் காலமும் கூடியது தெரியவந்ததால், அரசு அனுமதிகளையும் பயண நாள்களையும் வரையறுத்தது. கரையில் குளிப்பவர்களுக்கு இதனால் ஆபத்து கூடியது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் வேட்டைக்குச் செலவிட வேண்டிய ஆற்றலைச் சுறா ஏமாற்று இரையின் பின்னால் செலவழிப்பது உண்மை. எனவே கயிற்றில் கட்டிய மீனைச் சுறா கவ்வுவதற்குள் இழுத்துக்கொள்ளும் பணியாளரே நல்ல பணியாளர்.

கேள்வி: கூண்டுக்குள் சுறா புகுந்த கதை மெய்யா?

பதில்: மெய்தான், மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் 2016-இல் நடந்தது. இரையின் மேல் பாய்ந்த வெள்ளைச்சுறா கூண்டின் கம்பிகளை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. சற்று நேரத்தில் அது மேல்வழியாக வெளியேற, உள்ளிருந்தவரும் காயமின்றி மீண்டார். அந்தக் காட்சியைக் கண்டவர்கள் சுறா கூண்டைத் தாக்கியதாகவே எண்ணினார்கள். நடந்தது வேறு: சுறாவால் பின்னோக்கி நீந்த இயலாது. கவ்வும் நொடியில் கண்ணைக் காத்துக்கொள்ள அது கண்களைப் பின்னால் உருட்டிக்கொள்வதால், முன்னால் இருப்பது இரையா இரும்பா என்பதும் அதற்குத் தெரியாது. கூண்டை நோக்கி இரையை இழுத்தால், பார்வையற்ற நொடியில் பாயும் சுறா கம்பிகளுக்கிடையே சிக்கும். சிக்கிய பின் முன்னே தள்ளுவதைத் தவிர வேறு வழி அதற்கு இல்லை. 2019-இல் அதே தீவில் அவ்வாறு சிக்கிய ஒரு சுறா, செவுள் பகுதி கிழிந்து இரத்தம் பெருகி இறந்ததாகக் கருதப்படுகிறது. மெக்சிகோ அரசு 2023 ஜனவரியில் அங்கே வெள்ளைச்சுறாச் சுற்றுலாவை முற்றிலும் தடை செய்தது. விதிகளை மீறியதன் விலையைச் சுறா உயிராகவும், நேர்மையாகத் தொழில் நடத்தியவர்கள் பிழைப்பாகவும் கொடுத்தார்கள்.

கேள்வி: 'ஜாஸ்' படம் பார்த்தவர்களுக்கு இன்னும் குளியலறையில்கூடப் பயமாக இருக்கிறதே?

பதில்: அந்தப் பயத்தை எழுதியவரே பின்னாளில் அதற்காக வருந்தினார். 1974-இல் வெளிவந்த 'ஜாஸ்' நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, 2006-இல் இறக்கும் வரை சுறாப் பாதுகாப்புக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். 1975-இல் வெளிவந்த படத்தின் உயிருள்ள சுறாக் காட்சிகளை ஆஸ்திரேலியத் தம்பதியரான ரானும் வலேரி டெய்லரும் எடுத்தார்கள். உலகம் முழுவதிலும் எல்லாச் சுறா இனங்களாலும், மனிதர் சீண்டாமலேயே நிகழும் தாக்குதல்களில் இறப்போர் சராசரியாக ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதரால் ஆண்டுதோறும் கொல்லப்படும் சுறாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10 கோடி என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கேள்வி: இதில் தமிழருக்கு ஏதேனும் தொடர்பு உண்டா, அல்லது வேடிக்கை மட்டும்தானா?

பதில்: இரண்டு வகையில் உண்டு. 1860 முதல் தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் பெருகி வாழும் டர்பன் நகரின் கடற்கரையில், குளிப்பவர்களைக் காக்க 1952 முதல் சுறா வலைகள் கட்டப்பட்டு வருகின்றன. அவை கரையை அடைத்து நிற்கும் வேலிகள் அல்ல; நெருங்கும் சுறாக்களைச் சிக்கவைத்துக் கொல்லும் செவுள் வலைகள். 1991-இல் உலகிலேயே முதன்முதலாக வெள்ளைச்சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த அதே நாட்டில், அச்சட்டத்தால் காக்கப்படும் சுறா இவ்வலைகளில் இன்றும் மாண்டு வருகிறது. இரண்டாவது தொடர்பு தமிழகக் கரையிலேயே உள்ளது. வெதுவெதுப்பான தமிழகக் கடல் வெள்ளைச்சுறாவின் வாழிடம் அன்று. ஆனால் வேறு பல சுறா இனங்கள் இங்கே வாழ்கின்றன. அவற்றின் பீலியை, அதாவது சூப்புக்காக விற்கப்படும் உலர்த்திய துடுப்பை, ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு 2015-இல் தடை செய்த பிறகும் கடத்தல் ஓயவில்லை.

கேள்வி: கடைசியாக ஒன்று. பணம் கட்டுவதற்கு முன் படகுக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: மூன்று கேள்விகள் போதும். அரசு அனுமதி இருக்கிறதா? இரையைக் கூண்டை நோக்கி இழுப்பதில்லை என்றும், சுறாவுக்கு ஊட்டுவதில்லை என்றும் உறுதி சொல்ல முடியுமா? எடுக்கும் துடுப்புப் படங்கள் ஆய்வாளர்களிடம் போய்ச் சேருகின்றனவா? மூன்றுக்கும் நேரான விடை தருபவரின் படகில் ஏறலாம். 'சுறாவைக் காட்டியே தீருவோம்' என்று சத்தியம் செய்பவரின் படகில் ஏறக் கூடாது. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற அவர் இரையை அள்ளிப்போடவும் துணிவார். வெள்ளைச்சுறா எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது, இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறவே இருபது முப்பது ஆண்டுகள் காத்திருப்பது, ஒரு பேற்றில் சில குட்டிகளை மட்டுமே ஈனுவது. ஆகையால் ஒன்றை இழந்தால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை செல்லும். காண வந்த நாளில் அது வராமல் போனாலும் படகுக்காரரை வற்புறுத்தாமல் கரை திரும்பும் பொறுமை உள்ளவர்கள் மட்டும் இந்தப் பயணத்துக்குச் செல்க.