மருமவன் சவுண்டு கார்டு வாங்கப் போறான்

ஏ மருமவனே, கம்ப்யூட்டருக்குப் புதுசா சவுண்டு கார்டு வாங்கப் போறியாமே? உங்க அத்தை சொன்னா. ரொம்பச் சந்தோசம்டே. சம்பாதிக்கிற பிள்ளை செலவழிக்காம இருந்தாத்தான் நாங்க பயப்படணும். மாமன் தென்னை மரத்துல குழாயைக் கட்டி மைக்செட்டு போட்டவன்தானேன்னு இளக்காரமா நினைக்காத. எந்தச் சத்தத்துக்கு எங்கன வைத்தியம் பாக்கணும்னு எனக்கும் கொஞ்சம் தெரியும்.

ஒரு காலத்துல கார்டு இல்லாம ஆகாதுதான். அப்பம் வந்த கம்ப்யூட்டரு 'பீப்'னு கத்தும், அதுக்கு மேல அதுக்கு வாய் கிடையாது. 1989-ல சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனிக்காரன் சவுண்டு பிளாஸ்டர்னு ஒண்ணை விட்டான், வித்துத் தள்ளிட்டான். பெறவு 1997-ல இன்டெல்காரன் ஏசி'97-னு ஒரு முறையைக் கொண்டாந்தான். அதுல இருந்து மதர்போர்டுக்காரன் சவுண்டையும் போர்டுலயே சேத்துக் குடுக்க ஆரம்பிச்சான். உன் கேபினெட்டைத் திறந்து பாரு, நண்டு படம் போட்ட ரியல்டெக் சிப்பு ஒண்ணு ஓரமா இருந்தாலும் இருக்கும். பாட்டுக் கேக்கதுக்கு அந்த நண்டே தாராளம். ஆனா ஓசியில வந்ததுக்கு நம்ம ஆளு என்னைக்கு மரியாதை குடுத்திருக்கான்? நீ வாங்கு.

அட்டைப்பெட்டியில 24 பிட்டு, 192 கிலோஹெர்ட்ஸுன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அதைப் பாத்துதான் நீ கிறங்கிட்டேன்னு தெரியும். சிடி-யில இருக்கது 16 பிட்டு, 44.1 கிலோஹெர்ட்ஸு. அதுவே 22,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிச்சுரும். நல்ல இளங்காதே 20,000-க்கு மேல கேக்காது, வயசு ஏற ஏற அதுவும் இறங்கிரும். 192-ன்னா 96,000 வரைக்கும் போகும்டே. அந்த உசரத்துச் சத்தம் கோயில் மண்டபத்துல பூச்சி பிடிக்கிற வவ்வாலுக்குத்தான் எட்டும். சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வச்சுப் பாட்டைப் போடு, அதுகளாவது ரசிக்கட்டும். உன் ஸ்பீக்கரு அவ்வளவு உசரத்துக்குப் பாடுமாங்கது வேற கேள்வி.

அப்பறம் அந்த 7.1 சரவுண்டு சவுண்டு. நீ கேக்கது டி.எம்.எஸ்ஸு, சுசீலாம்மா. 1960-கள்ல வந்த நம்ம சினிமாப் பாட்டெல்லாம் மோனோவுல பதிஞ்சது. அதை எடுத்து ஏழு மூலையில ஸ்பீக்கர் வச்சுக் கேட்டா ஏழு டி.எம்.எஸ்ஸா வந்து பாடப் போறாரு?

உன் மேசையில ரெண்டு டப்பா ஸ்பீக்கர் கிடக்கே, கம்ப்யூட்டர் வாங்கையில சும்மா குடுத்தது, அதைத் தட்டிப் பாத்திருக்கேன். கோனும் சின்னது, பெட்டியும் பிளாஸ்டிக்கு. தபேலா அடிச்சா தகரம் அடிச்ச மாதிரிதான் கேக்கும். பாட்டாவது சுத்தமா வச்சிருக்கியான்னா, எவனோ காப்பி பண்ணிக் குடுத்த 128 கிலோபிட் எம்பி3. சிடி-யில நொடிக்கு 1,411 கிலோபிட் ஓடுது. அணையில தண்ணியைத் திறந்துவிட்டுட்டு மடையில எலிவளை அளவுக்குத் துவாரம் வச்சா வயலுக்கு என்னலே பாயும்? இருக்க ரூவாய்ல முதப் பங்கு ஸ்பீக்கருக்கோ, காதுல மாட்டுற நல்ல ஹெட்போனுக்கோ போகணும். அடுத்தது சுத்தமான பாட்டு, சிடி இல்லைன்னா பிளாக் (FLAC) பைலு. கார்டெல்லாம் கடைசிப் பந்தி.

இன்னொண்ணு, கோவப்படாதே. போன வாரம் நீ காதுல வயர் இல்லாத ப்ளூடூத்தைச் சொருகிக்கிட்டுத்தானே தலையை ஆட்டிக்கிட்டு இருந்த? அதுல டிஜிட்டலைச் சத்தமா மாத்துற வேலையை அந்தக் காதுக்குள்ள இருக்கதே பாத்துக்கிடும். நீ வாங்குற கார்டுக்கு அங்க சோலியே கிடையாது. கேபினெட்டுக்குள்ள லைட்டைக் காட்டிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கும். அழகாத்தான் இருக்கும், கண்ணாடிக் கதவு வேற போட்டிருக்க.

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலடே. பாட்டு இல்லாதப்பவும் காதுல இரைச்சல் வருதா? மவுசை ஆட்டினா 'கிர்ர்'ருங்குதா? அப்பம் முன்பக்கத்துத் துவாரத்துல இருந்து பிடுங்கி, பின்பக்கத்துப் பச்சையில சொருகு. முன்பக்கத்துக்கு வர்ற மெல்லிசு வயரு கேபினெட்டுக்குள்ள இருக்க இரைச்சலையெல்லாம் பிடிச்சுக்கிட்டு வரும். பின்னாலயும் இரைஞ்சா, டிஜிட்டலைச் சத்தமா மாத்துற யூஎஸ்பி டாக் (DAC), வெளிய வைக்கிறது, ஒண்ணு வாங்கு. உள்ள இருக்க எலக்ட்ரிக் சந்தடிக்கு வெளிய உக்காந்து அது வேலை பாக்கும், நாளைக்கு லேப்டாப்புக்கும் ஆகும். சென்ஹைசர் ஹெச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்போன் வச்சிருந்தா ஆம்ப்ளிபயரோட சேந்ததா பாரு. 'ம்ம்ம்'னு ஒரே சீரா உறுமினா மட்டும் கடைக்குப் போகாத, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாக்கச் சொல்லு.

இதையெல்லாம் கேட்டும் கார்டுதான் வேணும்னா வாங்கிட்டு வந்து ஒரு காரியம் செய்யி. பழசுலயும் புதுசுலயும் சத்தத்தை ஒரே அளவா வச்சுக்கோ, ஏன்னா கொஞ்சம் கூடக் கேட்டாலே நல்லாக் கேக்க மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு, எது எதுன்னு உனக்குச் சொல்லாம உன் வீட்டுக்காரியை மாத்தி மாத்திச் சொருகச் சொல்லு. ஒவ்வொரு தடவையும் சரியா கண்டுபிடிச்சேன்னா கார்டு உனக்கு. முழிச்சேன்னா கார்டு கடைக்காரனுக்கு. அதனால திருப்பி எடுப்பானான்னு வாங்கையிலயே கேட்டுக்கோ, அட்டைப்பெட்டியைக் கிழிக்காமப் பிரி, பில்லைத் தொலைச்சுராத.