பிரம்மனைத் திருத்திய பெருமக்களுக்கு

கார்ட்டூன் கலையின் கொற்றவர்களே, கணினித் திரையில் உயிர் வார்க்கும் வித்தகர்களே! புனேயின் ஏரவாடாவில் குடியிருக்கும் எளியேனின் வணக்கம். பிரம்மன் அவசரத்தில் செய்துவிட்ட பிழைகளை எல்லாம் பொறுமையாகத் திருத்தித் தருகிறீர்களே, உங்கள் கருணையை எந்த நாவால் போற்றுவேன்!

காளைக்கு மடி வைக்க அவன் மறந்துபோனான். 2006-இல் ‘பார்ன்யார்ட்’ படத்தில் அந்தக் குறையைத் தீர்த்து, ஆண் நாயகனுக்கே மடியை அருளினீர்கள். ஒராங்குட்டானைப் போர்னியோவிலும் சுமத்திராவிலும் முடக்கிவைத்தான் அந்தக் கஞ்சன். 1967-இல் ‘ஜங்கிள் புக்’ படத்துக்காக இந்தியக் காட்டில் அதற்கு ஓர் அரியணையே தந்தீர்கள், வள்ளல்களே! கோமாளி மீனில் பெட்டை இறந்தால் அதன் இணையான ஆண் பெட்டையாக மாறிவிடும். இப்படியோர் அதிசயம் பிள்ளைகள் காதில் விழுந்து அவர்கள் மலைத்துப்போகக் கூடாதே என்று, 2003-இல் ‘ஃபைண்டிங் நீமோ’வில் அந்த மீனை மகனைத் தேடி அலையும் அப்பாவாகவே நிறுத்திவைத்த உங்கள் முன்யோசனைக்கு ஈடேது!

எங்கள் புனேயும் இத்திருப்பணியில் சளைத்ததல்ல. இங்குள்ள கிரேயான் பிக்சர்ஸ் நிறுவனத்தின் கைவண்ணத்தில், நிகில் அத்வானி இயக்கத்தில் 2012-இல் வெளிவந்து, தேசிய விருதும் சூடியது ‘டெல்லி சஃபாரி’. ஆண் சிறுத்தை குட்டி வளர்ப்பதில்லை என்ற அவப்பெயரைத் துடைத்து, அப்பா, அம்மா, பிள்ளை என்று ரேஷன் கார்டுக்கு ஏற்ற குடும்பமாக்கினார்கள். அப்பா கொல்லப்பட்டதும், சிறுத்தையும் கரடியும் குரங்கும் மனிதமொழி பேசும் கிளியைக் கடத்திக்கொண்டு நாடாளுமன்றத்தில் முறையிடப் புறப்படுகின்றன. பேசத் தெரியாத விலங்குக்குக் காடு எதற்கு என்ற மாபெரும் நீதியை இதைவிட இனிமையாக யாரால் ஊட்ட முடியும்!

இங்கிருந்து வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் ஜுன்னர் வட்டாரம். அங்கே சிறுத்தைகள் கரும்புத் தோட்டத்திலேயே குட்டி போடுகின்றன. வெட்டுக்கூலிகள் கரும்பு சாய்க்கும்போது கண் திறக்காத குட்டிகள் கிடைப்பதுண்டு. வனத்துறையினர் அவற்றை ஒரு பெட்டியில் இட்டு, அந்தி சாயும்போது எடுத்த இடத்திலேயே வைத்து, கேமரா பொருத்திவிட்டு ஒதுங்குவார்கள். இருட்டியபின் தாய் வரும். பெட்டியை முகரும். குட்டியைக் கவ்விக்கொண்டு தோட்டத்துக்குள் மறையும். அடுத்ததற்குத் திரும்பி வரும். பாட்டு இல்லை, வசனம் இல்லை, கண்ணீரும் இல்லை! இத்தனை சாரமற்ற காட்சியிலிருந்து எங்கள் பிள்ளைகளைக் காத்து நிற்கும் காவல் தெய்வங்களே, நீங்கள் வாழ்க!

உங்கள் கீர்த்தி கடல் கடந்தது. 1977-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘ரஸ்கல்’ என்ற ரக்கூன் குட்டி தோன்றியது. பார்த்த வீடுகள் எல்லாம் ரக்கூன் கேட்டன. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியும் ஆயிற்று. வளர்ந்து கடிக்கத் தொடங்கியதும் பலர் காட்டில் விட்டார்கள். அவற்றின் வாரிசுகள் இன்று வயலை மேய்ந்து, பழைய கோயில்களின் மரவேலைகளைப் பிறாண்டுகின்றன. ஒரு பொம்மைப்படம் ஒரு தேசத்துக் காட்டையே மாற்றிவிட்டதென்றால், எந்தக் காவியத்துக்கு வாய்த்தது இந்தப் பேறு!

பெருமக்களே, ஒரே ஒரு விண்ணப்பம். கரும்புக்காட்டில் சிறுத்தையைக் கண்டால் ‘உன் பேர் என்ன?’ என்று கிட்டே போய்க் கேட்கும் அளவுக்கு எங்கள் பிள்ளைகளை வளர்த்துவிட்டீர்கள். பதில் சொல்ல அந்தச் சிறுத்தைக்கும் சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.