மேசை மேல் விழுப்புரம் வண்டி

பாதி வருடம் பாரிஸ், பாதி வருடம் புதுச்சேரி என்றிருப்பவருக்கு மாடல் ரயில் ஆசை வந்தால், ஊரிலேயே முன்மாதிரி உண்டு. 1879இல் திறந்த விழுப்புரம் பாதை, பிரெஞ்சு ஆட்சிக்கும் ஆங்கிலேய ஆட்சிக்கும் நடுவே ஓடியதுதான்.

வம்பு அளவில் தொடங்குகிறது. 1:87 மாடலுக்குக் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்குச் சரி. நம் இன்றைய அகலப் பாதையோ 1676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19.3. ஆக, புதுச்சேரி வண்டி பிரெஞ்சு இடுப்போடுதான் ஓடியாக வேண்டும்.

நீளம் அதைவிட மோசம். சுமார் 38 கி.மீ. பாதையைச் சுருக்கினாலும் 437 மீட்டர்! மொட்டைமாடியிலேயே அடங்காது, பாரிஸ் ஃபிளாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்ற இடை நிலையங்கள் மூன்றுக்கும் அடி விழும்.

மின்சாரம் மட்டும் இரு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்தான் முரண்டு பிடிக்கும்.