முதல் வாரப் பண்டிதர்

அரசாங்க அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபது வருஷமாக உத்தியோகம் பார்த்து வரும் எங்கள் தெருக்காரர் ஒருவர், கலாசாலைப் படியிறங்கி வெகுகாலம் ஆன பிற்பாடும் வித்தியார்த்தி என்ற பட்டத்தைத் துறக்க மனமில்லாமல், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏதாவதோர் இணையவழிப் பாடத்தில் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறார். 'சேர்ந்துகொண்டே இருக்கிறார்' என்று எழுதியது கைப்பிழை அன்று. அவருடைய கல்வியில் உள்ள வினைச்சொல் அது ஒன்றுதான். இப்பேர்ப்பட்டவர் எங்கள் தெருவுக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் என்று நான் வெகுநாள் கர்வப்பட்டிருந்தேன். விசாரித்ததில், தெருவுக்கு ஒருவராவது இருக்கிறாராம். ஆகையால் பெயர் வேண்டாம். வித்தியார்த்தி என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

சேர்க்கை வைபவம் கண்கொள்ளாக் காட்சி. ராகுகாலமும் எமகண்டமும் கழித்து, இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, தலைப்பைச் சிவப்பு மையால் எழுதி, அதன் கீழ் அடிக்கோலை வைத்து இரட்டைக் கோடு இழுத்துவிட்டு, ஆசிரியர் திரையில் தோன்றி எல்லோருக்கும் சொல்லும் வணக்கத்தைக்கூட விடாமல் அவர் குறிப்பெடுத்துக்கொள்வார். இரண்டாம் வாரத்தில் கையெழுத்துச் சாயும். மூன்றாம் வாரத்துப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கும். இவ்விதம் ஆரம்பித்த நோட்டுகள் பதினொன்று என்று அவர் மனைவி கணக்குச் சொல்கிறார். எழுதிய நாலு பக்கத்தைத் தையல் விடாமல் கிழித்தெடுப்பதில் தேர்ச்சி பெற்றுவிட்ட அவருடைய மகளுக்கு, எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ரஃப் நோட்டு என்று தனியாக ஒன்று வாங்கியதே இல்லையாம். இணையவழிக் கல்வியால் அந்தக் குடும்பம் அடைந்திருக்கும் நிகர லாபம் இன்றைய தேதிவரை இதுதான்.

ஆனால் அவரை அஞ்ஞானி என்று சொல்லிவிட முடியாது. உலகத்துச் சாஸ்திரங்கள் அனைத்திலும் முதல் வாரத்துப் பாடம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். புகைப்படக் கலையில், இருட்டறையின் சிறு துவாரத்து வழியே எதிர்ச்சுவரில் பிம்பம் கவிழ்ந்து விழும் ரகசியம் தெரியும்; அதற்கப்பால் காமிராவைக் கையில் வாங்கியதில்லை. பொருளாதாரத்தில், தேவைகள் அளவற்றவை, சாதனங்கள் அளவுள்ளவை என்பது வரைக்கும் வந்திருக்கிறார். "பாம்பைப் பற்றி எதுக்குடா படிக்கிறே?" என்று தாயார் கேட்டபோது, பைத்தான் என்பது கம்ப்யூட்டர் பாஷை என்றும், அதைச் செய்த கைடோ வான் ராசம், மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் ஹாஸ்யக் குழுவின் பெயரைத்தான் அதற்கு வைத்தார் என்றும், பாம்புக்கு அதில் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் அவர் கொடுத்த விளக்கத்தை நானே கேட்டேன், அந்தப் பாஷையில் ஒரு வரி எழுதத் தெரியுமா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. எந்த விஷயமானாலும் சரியாகப் பத்து நிமிஷம் அவரோடு சம்பாஷிக்கலாம். பதினோராவது நிமிஷத்தில் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

பாதியில் நின்றதைப் பற்றி யாராவது குத்திக் காட்டினால் அதற்கும் சமாதானம் உண்டு. 2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர், கரையேறியவர்கள் இருபதினாயிரத்துச் சொச்சம் என்று சொல்லி, "பெரும்பான்மை எந்தப் பக்கம் பார்த்தீர்களா?" என்பார். ஜனநாயகத்தில் பிறந்த எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வகுப்பறையில் கடைசி பெஞ்சிக்காரனுக்கும் ஒரு தொழில் இருந்தது. வாத்தியார் கண்ணில் படாமல் தப்ப வேண்டும் என்கிற ஒரே லட்சியத்துக்காகவாவது அவன் நாற்பத்தைந்து நிமிஷமும் வாத்தியார் மீதே கண்ணாக இருந்தான். அந்த ஜாக்கிரதையில் காதில் விழுந்த பாடம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டும் போயிற்று. வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நம்மவருக்கோ ஒளிவதற்கு ஆள் கிடையாது. வாத்தியாரும் அவரே, மாணாக்கனும் அவரே, மணியடிக்கும் பியூனும் அவரே, சுவரேறிக் குதிப்பவரும் அவரே. இந்த நான்கு உத்தியோகத்தில் முதல் மூன்றும் சம்பளமில்லாதவை.

மணியடிக்கும் வேலைக்கு மட்டும் அவர் ஒரு ஆள் அமர்த்திப் பார்த்தார். இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்து, 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு என்று ஒரு முறை ஏற்படுத்தினாராம். கேள்விப்பட்ட அன்றே நம்மவரும் அதேபோல் ஒன்று வரவழைத்தார். "ரசத்துக்குத் தக்காளி வாங்கிட்டு வாங்கன்னா இதையா வாங்குவீங்க?" என்று மனைவி கேட்டதைப் பொருட்படுத்தாமல் மேஜைமேல் பிரதிஷ்டை செய்தார். ஓய்வுக்கான ஐந்து நிமிஷத்தை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதிலேயே படுத்துத் தூங்கிவிடுவார். தக்காளி இப்போது சமையலறையில் இட்லிக்கு மணியடித்து நேர்மையாகப் பிழைத்து வருகிறது.

நேர்மை என்றதும் ஞாபகம் வருகிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில், சேருவதற்குக் காசில்லை, பரீட்சைக்குத்தான் கட்டணம். பன்னிரண்டாவது முயற்சியாக நிதிக் கணக்கியலில் சேர்ந்த நம்மவர், ஏதோ ஒரு ஆவேசத்தில் ரூபாய் ஆயிரத்தையும் கட்டிவிட்டார். பதினோரு பாடங்களை இனாமாகக் கைவிட்டபோது நோகாத மனசு இப்போது நொந்தது. வாராவாரம் பத்து வினாக்கள். விடைகளை யாரோ ஒரு புண்ணியாத்மா கெடு முடிவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். பார்த்து எழுதுவது பாபம் என்று நம்மவருக்குத் தெரியும். ஆகவே ஒன்பது வினாக்களைப் பார்த்து எழுதிவிட்டு, மனச்சாட்சிக்கு நிவேதனமாக ஒரே ஒரு வினாவைத் தாமே முயன்று போடுவது என்று நியமம் வைத்துக்கொண்டார். வாரம் தவறாமல் அந்த ஒன்றுதான் தப்பாயிற்று. தப்பானது தம்முடையது என்பதில் வெட்கம் மேலிட்டு, அந்த ஒரு கணக்குக்காக மட்டும் பாடத்தை ஓடவிட்டு, நோட்டைப் பிரித்து, ஏன் தப்பு என்று கண்டுபிடித்த பிறகே படுப்பார். மற்ற ஒன்பது சரியான விடைகளை அவர் திரும்பிப் பார்த்ததில்லை. சரியாக இருப்பதைப் பார்ப்பானேன்?

பரீட்சை வேறோர் ஊரில், ஒரு பொறியியல் கல்லூரியில், மூன்று மணி நேரம். கையில் ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் தவிர எதுவும் இல்லை. வாட்ஸ்அப் வாசலிலேயே தங்கிவிட்டது. தம் மகள் வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதி வந்தவருக்கு முடிவு வந்தபோது, வாராந்தர வினாக்களில் 25-க்கு 22.5, பரீட்சையில் 75-க்கு 27. "கூட்டினால் 49.5 வருகிறது, தேற 40 போதும். எனக்கு ஏன் சர்டிபிகேட் இல்லை?" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார். விதியை இருவருமாகப் படித்தோம். பரீட்சையில் மட்டும் தனியாகக் குறைந்தது 30 வாங்கியிருக்க வேண்டுமாம். இருபது வருஷம் பிறர் கணக்கில் தணிக்கை ஆட்சேபணை எழுதியவருக்குத் தம் கணக்கில் விழுந்த ஆட்சேபணையைப் படிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் அப்போது அங்கே இருந்தார். மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தவர். அந்தக் காலத்து சிரத்தையைப் பற்றி ஒரு பிரசங்கம் வரப்போகிறது என்று நான் கதவைப் பார்த்தேன். அவரோ, "தம்பி, எங்களுக்குப் பாடம் கட்டுக் கட்டாத் தபால்ல வரும். முதல் கட்டைப் பிரிச்சேன். மத்ததெல்லாம் சணல் அவிழாம இன்னும் பரண்மேல இருக்கு. எப்படிப் பாஸ் பண்ணினேன்னு மட்டும் கேட்காதே" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வித்தியார்த்தி சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வேடிக்கை சார். நானா முயன்று தப்புப் பண்ணின கணக்கு மாதிரியே பரீட்சையில் வந்தது. கண்ட மாத்திரத்தில் விடை தெரிந்துவிட்டது. ஒன்பதாகப் பார்த்து எழுதினதிலிருந்து வந்தவைதான் முன்னே பின்னே பார்த்த முகமாகவே இல்லை" என்றார்.

ஜனவரியில் மறுபடியும் அதே பாடத்தில் சேர்ந்திருக்கிறார். ராகுகாலம் பார்த்ததாகத் தெரியவில்லை. நோட்டும் பழைய நோட்டுதான், மகளிடமிருந்து திருப்பி வாங்கியது. தீர்மானம் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன்.

"இந்தத் தடவை வாரத்துக்கு இரண்டு வினா நானே போடப்போகிறேன்" என்றார்.