நடப்பவர்கள் கவனத்துக்கு

சென்னையில் நடக்க நடைபாதை இல்லை என்று சிலர் மனு மேல் மனு போடுகிறார்கள். நன்றி கெட்டவர்கள். காசு வாங்காமல் இவ்வளவு உடற்பயிற்சி தரும் நகரம் வேறு எது? மின்பெட்டி வந்தால் இறங்கு. டீக்கடை தாண்டியதும் ஏறு. பேனர் கட்டிய கம்புக்குக் குனி. மூடியில்லாத பள்ளத்தைத் தாண்டு. எதிரே புல்லட் வந்தால் (அதுவும் நடைபாதையில்தான் வரும்) சுவரோடு ஒட்டு. ஜிம்முக்குப் போகிறவன் பைத்தியக்காரன்.

மாநகராட்சியைக் குறை சொல்லவே முடியாது. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு 2014-லேயே கொள்கை வகுத்தாயிற்று. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியே இருக்கிறது. கொள்கையை நடைபாதைக்குக் கொண்டுவந்தால் யாராவது அதன்மேல் வண்டியை நிறுத்திவிடுவார்கள். கோப்பில் இருப்பதே பத்திரம். பாண்டி பஜாரில் 2019-ல் நடப்பவர்களுக்கென்று ஒரு வளாகமே திறந்தார்கள். நடக்க ஆசையா? ஆட்டோ பிடித்து அங்கே போய் நடந்துவிட்டு வரலாம்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு சைக்கிளையே இலவசமாகத் தருகிறது. ஓட்டப் பாதையும் வேண்டுமாம். பேராசைக்கும் ஒரு அளவில்லையா?

போராட்டக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஞாயிறு காலை சைக்கிள் பாதை கேட்டுப் பேரணி என்றால், விடிவதற்குள் தெரு அடைத்துவிடும். எல்லாம் சைக்கிளைத் தலையில் சுமந்து வந்த கார்கள். நிறுத்த இடமா இல்லை? பக்கத்திலேயே அகலமான நடைபாதை இருக்கிறது.

அடுத்த பேரணிக்கு நீங்களும் அவசியம் வாருங்கள். கொஞ்சம் சீக்கிரமாக. நடைபாதை நிரம்பிவிடும்.